பென்சில் கோட்டுக்கு வெளியே

என் கழுத்து எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நல்ல பிள்ளை. நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி என்று தெரிந்த நாள்முதல் என்னோடு தமிழில்தான் பேசுவார், பாதி மலையாளம் கலந்த தமிழ்.

"அம்மா, நீங்க என்ன ஜோலி பாத்தீங்க? சாலைக் கம்போளத்துல மூட்டைச் சுமடு எடுத்தீங்களா?"

"கேமரா எடுத்தேன்."

"கேமராவோ? அது கழுத்துல தொங்குறதல்லே?"

"உங்க கேமரா தொங்கும் டாக்டரே. எங்க கேமரா தலையில ஏறி உக்காரும்."

அவர் சிரித்தார். வலி எந்த நாளில் ஆரம்பித்தது, ஏதாவது ஞாபகம் உண்டா என்று கேட்டார். நாள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. வெளியே பெஞ்சில் ஆட்கள் வரிசையாக இருந்ததால் சொல்லாமல் விட்டேன். அப்புறம் அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அது என்ன படம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த நாள்வரை நான் நடந்து வர வேண்டும்.

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசின் போட்டோப் பிரிவில் அட்டெண்டராக இருந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிற வாய் கொஞ்சம் அடங்கித்தான் இருக்க வேண்டும். மஞ்சள் காமாலையில் அவர் போய்ச் சேர்ந்ததும், டையிங் இன் ஹார்னஸ் என்று சொல்லி அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இருட்டறையில் மருந்து கலக்கவும், ஹோல்டரில் தூசி படாமல் ஃபிலிம் போடவும் ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொண்டேன். அதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புளி கரைக்கத் தெரிந்த கைக்கு ஹைப்போ கரைக்கத் தெரியாதா?

வித்தை வெளியே போகும்போதுதான். எங்கள் கேமரா ஒரு தேக்குப் பெட்டி. நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் தோல். முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி. நெகட்டிவ் ஒவ்வொன்றும் பள்ளிக்கூட ஸ்லேட் அளவு இருக்கும். அதோடு இரும்பு முனை வைத்த மரக்கால் ஸ்டாண்ட், ஹோல்டர் பை, லென்ஸ் பெட்டி, தலையில் போட்டுக்கொள்ளக் கறுப்புத் துணி. எல்லாம் சேர்ந்தால் ஒரு கல்யாணச் சீர் வரிசைதான். கையடக்கக் கேமரா வந்துவிட்ட காலத்தில் இது என்னத்துக்கு என்று ஆபீசிலேயே கேலி செய்வார்கள். ஆனால் மலையையும் காட்டையும் அளக்க வேண்டுமென்றால் அந்தப் பெரிய நெகட்டிவ்தான் வேண்டும். அதில் தொலைவில் நிற்கிற மாட்டின் கொம்பைக்கூடப் பார்க்கலாம்.

எனக்கு முன்னால் இருந்த ஆண்கள் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு போவார்களாம். குலுங்கிக் குலுங்கி, மேலே போய்ச் சேரும்போது திருகெல்லாம் லூசாகியிருக்கும். நான் பழைய புடவையைச் சுருட்டிச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினேன். எங்கள் பிரிவின் தலைவர் மாதவன் சார் பதறிப்போனார்.

"தலையிலோ? எந்தா தங்கம்மே இது, மீன் கூடையா?"

"மீனா இருந்தா துள்ளும் சார். இது துள்ளாது, பாருங்க."

ஆபீஸ் முற்றத்தைச் சுற்றி வந்து இறக்கினேன். பெட்டி மேல் வைத்திருந்த பேனா உருளவில்லை. அன்றுமுதல் பெட்டி என் தலைக்குத்தான்.

மாதவன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெலிந்த மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை. கேமராப் பக்கம் போவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார். பக்தி இல்லை, கால் பதிவது தெரிய வேண்டும் என்பார். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் தாழும். பயம் வந்தால் இன்னும் தாழும். அவர் கத்தினால் நிம்மதியாக இருக்கலாம், குசுகுசுத்தால்தான் பயப்பட வேண்டும்.

அவர்மேல் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் மாடிப்படியில் பெட்டியோடு வழுக்கினேன். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். ரத்தம் வழிகிறது. சார் ஓடி வந்தார். வந்ததும் கேட்டது, "கேமராவுக்கு ஒண்ணும் பற்றியில்லல்லோ?" கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று! என் முழங்காலை அவர் பார்க்கவேயில்லை. அந்த "இல்லல்லோ" என் காதுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து அரித்தது. மனுஷிக்கு மரியாதை இல்லை, மரப்பெட்டிக்கு உண்டு. சரி, சம்பளம் தருகிறவர்கள் பெட்டிக்காகத்தானே தருகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தம்பானூரில் நடந்தது வேறு கூத்து. ரயிலிலிருந்து பெட்டியைத் தலையில் வைத்து இறங்கினேன். சுமட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வழிமறித்துக்கொண்டார்கள். தலைச்சுமை அவர்கள் பணியாம், வேறு யாரும் எடுக்கக் கூடாதாம்.

"என் தலை, என் கழுத்து. இதுல உங்களுக்கு என்னய்யா பங்கு?" என்றேன். "வேணும்னா இந்தாங்க, எடுத்துக்கோங்க. உள்ள இருக்குற கண்ணாடியில ஒரு கீறல் விழுந்தா, அந்தா நிக்குறாரே சார், அவருகிட்ட நீங்களே பதில் சொல்லுங்க."

சார் அவர்களைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வைக்கே வழி கிடைத்துவிட்டது.

அந்தக் கேமரா சாதாரணமானதில்லை என்று எனக்குப் புரிந்தது விழிஞ்ஞத்தில். மீன்பிடித் துறைமுகத்தை ஒரு சாயங்காலம் எடுத்தோம். கரை முழுக்க ஜனம். மீன் ஏலம், கூச்சல், சண்டை, வலை இழுக்கிறவர்கள், ஓடுகிற பிள்ளைகள். வெளிச்சம் குறைவு என்பதால் சார் லென்ஸைத் திறந்து வைத்துவிட்டு, உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே நின்றார். மறுநாள் இருட்டறையில் அந்த நெகட்டிவைக் கழுவியவள் நான். ஒரு ஆள் இல்லை. அவ்வளவு பெரிய கரை வெறிச்சோடிக் கிடந்தது. கரையேற்றிய வள்ளங்கள், குவித்த வலை, தூங்குகிற ஒரு நாய். கொள்ளைநோய் வந்து ஊர் காலியான மாதிரி இருந்தது. ஓடிப்போய் சாரிடம் காட்டினேன்.

"அசையுறவங்க அதுல பதியமாட்டாங்க, தங்கம்மே," என்றார் சார். "அசையாம நிக்குறதுதான் நிக்கும்."

அதன்பிறகு எந்தக் கூட்டத்தில் நின்றாலும் எனக்கு அந்த நினைப்பு வரும். நாமெல்லாம் இங்கே இருக்கிறோம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கண்ணாடி நினைப்பதில்லை.

இனி பொன்முடிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாசத்து எடவப்பாதி மழை வலுப்பதற்கு முன்னால் நாங்கள் பொன்முடிக்குப் போக வேண்டும். காட்டின் எல்லை எவ்வளவு பின்வாங்குகிறது என்று பார்க்க, ஒரே இடத்திலிருந்து ஒரே படம். ஜீப் ஒரு கொண்டையூசி வளைவோடு நின்றுவிடும். டிரைவர் அங்கேயே பீடி பற்ற வைப்பார். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பாதையோரம் எஸ்டேட் லயம், அதாவது ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகக் கூலிக்காரர் குடும்பங்களின் அறைகள். லயத்தைத் தாண்டி ஏறினால் எதிர்ச்சரிவில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே நின்றால் லயம், அதற்கப்பால் தேயிலை ஃபேக்டரியின் புகைக்கூண்டு, அதற்கும் அப்பால் தூரத்து மலைமுகடு, எல்லாம் ஒரே பார்வையில் விழும்.

அந்தப் பாறையில் உளியால் கொத்திய மூன்று குழிகள் உண்டு. ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கு மூன்று குழி. என் முதல் வேலை குழிகளில் உள்ள பாசியை விரலால் தோண்டி எடுப்பது. அப்புறம் ஸ்டாண்ட், அதன் அடியில் கொத்தனார் தூக்குக் குண்டு மாதிரி ஒரு பித்தளைக் குண்டு. அப்புறம்தான் சாரின் முறை. போன வருஷத்து நெகட்டிவைப் பார்த்து, லயத்தின் ஓடு, புகைக்கூண்டு, முகட்டில் இருக்கிற ஒரு பள்ளம் எல்லாவற்றையும் ஆபீசிலேயே தேய்த்த கண்ணாடிமேல் மெல்லிய பென்சில் கோடாக வரைந்து கொண்டு வருவார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் விழுகிற காட்சியை அந்தக் கோடுகளோடு பொருத்துவார். காட்சி தலைகீழாகத்தான் விழும். வானம் கீழே, தேயிலை மேலே. கோடும் காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், "ஆ" என்பார். அந்த ஒரு "ஆ"வுக்காகத்தான் நான் அத்தனை தூரம் சுமந்து போவது.

லயத்தின் கடைசி அறையில் வேலம்மா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கொழுந்து பறிக்கிறவள். முதல் வருஷம் என்னைப் பார்த்ததும், "எக்கா, ஒம்ம சும்மாடு கோணலா இருக்கே. தலைய குடும்" என்று சொல்லி அவளே சுருட்டி வைத்துவிட்டாள். அதிலிருந்து சிநேகம். போகும்போதும் வரும்போதும் பாலில்லாத கட்டஞ்சாயா தராமல் விடமாட்டாள்.

ஒரு வருஷம் போனபோது அவள் சிரிக்கவில்லை. மழை முன்கூட்டியே வந்து சில வாரம் கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. மூடுபனி லயத்தின் வாசல்வரை வந்து நின்றது. கோழிகள் கூட்டுக்குள் போகாமல் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன, பட்டப்பகலில். வேலம்மாவின் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளே பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம்.

"யாரு உள்ள?" என்றேன்.

"எம் மவ செல்விதான். பேறுகாலத்துக்கு வந்தவ. பொட்டப்புள்ள பொறந்திருக்கு."

"பெத்தவளையும் புள்ளையையும் உள்ள வச்சுப் பூட்டியிருக்கே, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவள் என்னை ஒதுக்கி அழைத்துப் போனாள். அந்த அறையில் முன்பு ஒருத்தி பிரசவத்தில் செத்தாளாம். செல்வி வந்ததிலிருந்து அந்தச் செத்தவள் பேயாகத் திரும்பி வந்துவிட்டாளாம்.

"எக்கா, சாத்துன கதவு தானா தொறக்குது. தாப்பாப் போட்டாலும் தொறக்குது. குடத்துத் தண்ணி ஒருபக்கமா ஏறி நிக்குது. தரைக்குள்ள யாரோ பல்ல நறநறன்னு கடிக்கிற சத்தம். அதையெல்லாம் விடும். தொட்டில் நகருதுக்கா. நடு வீட்டுல உத்தரத்துல கட்டுன சேலைத் தொட்டில். வாரத்துக்கு வாரம் சுவத்துப் பக்கமாப் போவுது. யாரும் தொடல. அவ சுவத்துக்குள்ள நின்னு பிள்ளைய இழுக்கா. அதான் நான் மலைக்குப் போம்போது பூட்டிட்டுப் போறேன். இவ எந்திரிச்சு அவ பின்னால போயிறக் கூடாதுல்ல?"

பொய் சொல்வானேன், பயந்துவிட்டேன். கதவில் காதை வைத்தேன். பிள்ளையின் அழுகைக்கு அடியில் அந்த நறநற சத்தம் எனக்கும் கேட்டது.

சார் பத்தடி முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பேயோ? பேய்க்கு வேற ஜோலி இல்லே?" என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். திரும்பிப் பார்க்க நினைத்தேன். தலையில் சுமை இருக்கும்போது திரும்ப முடியாது.

பாறையில் பாசியைத் தோண்டினேன், ஸ்டாண்டை நிறுத்தினேன், குண்டு அசையாமல் தொங்கியது. மூடுபனி விலகியது. சார் துணிக்குள் போனார். "ஆ" வரவில்லை.

"காலு குழியில தன்னேயோ?"

"குழியிலதான் சார்."

"ஒண்ணுகூட நோக்கு."

மறுபடி பார்த்தேன். மூன்று காலும் குழியில்தான் இருந்தன. அவர் வெளியே வந்து, மண்டியிட்டு, தன் விரலாலேயே ஒவ்வொரு குழியையும் தடவிப் பார்த்தார். மறுபடி துணிக்குள் போனார். வெகுநேரம் அசைவில்லை. கறுப்புத் துணி மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. பிறகு, கேட்கக்கூட முடியாத குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கம்மே. வந்து நோக்கு."

பார்த்தேன். முகட்டுப் பள்ளம் கோட்டில் இருந்தது. புகைக்கூண்டு கோட்டில் இருந்தது. லயம் மட்டும் கோட்டில் இல்லை. பக்கத்து முனை கொஞ்சம், கடைசி அறை அதிகம், பென்சில் கோட்டுக்கு வெளியே ஒரு நெல் நீளத்துக்குத் தள்ளி நின்றது. அந்த வீடு தன்னுடைய சொந்தப் படத்தை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கண்ணாடியில ஒரு நெல்லு," என்றார் சார். "அங்கே ஒரு கைநீளம். வீடு நடக்காது. நிலமாக்கும் நடக்குறது. அடியில மழைவெள்ளம் எறங்கியிருக்கு."

பேய் என்று கேட்டபோது வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பேயைத் துரத்த ஆள் உண்டு. மலை நடந்தால் யாரைக் கூப்பிடுவது? எதிரே பச்சைப் பசேலென்று, ஒரு இலைகூட அசையாமல், ஒன்றும் அறியாத மாதிரி நிற்கிறது அந்தச் சரிவு. அது நடந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு அறைக்குள் தாயும் பிள்ளையும் வெளிப்பூட்டில்.

நான் ஓடினேன். எஸ்டேட் மானேஜரிடம் சொல்லலாம் என்றால் அவர் கீழே நெடுமங்காடு டவுனுக்குப் போயிருக்கிறாராம். வேலம்மா கொழுந்துக் கூடையோடு பாதையில் நின்றாள். என்ன சொன்னாலும் அவள் கதவைத் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்தேன்.

"வா. ஒன் தொட்டிலை இழுக்கிறவளைக் காட்டுறேன்."

இழுத்துக்கொண்டு ஏறினேன். தன் கேமரா அருகே ஆபீஸ் ஆட்களையே விடாத மனுஷன், துணியைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழிவிட்டார். நானும் அவளோடு உள்ளே புகுந்தேன். இருட்டில் இரண்டு தலைகள். அவள் வாயில் வெற்றிலை மணம்.

"ஆத்தாடி! என் வீட்டைக் கவுத்துப் போட்டிருக்கே!"

"அது அப்படித்தான் தெரியும். ஓட்டைப் பாரு. பக்கத்துல பென்சில் கோடு தெரியுதா?"

"தெரியுது."

"போன வருசம் ஒன் வீடு அந்தக் கோட்டுல நின்னுது."

அவள் விரலைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் கோட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே வைத்தாள்.

"அப்ப அவ இழுக்கலியா?"

"யாரும் இழுக்கல. மலை எறங்குது, வேலம்மா. சுவரு சாயுது. தொட்டில் நேராத்தான் தொங்குது, சுவருதான் அதைத் தேடி வருது."

துணியை உதறிவிட்டு வெளியே பாய்ந்தாள். "சாவி என் இடுப்புலல்லா இருக்கு!" என்ற அலறல் மட்டும் எனக்குக் கேட்டது. அவள் தேயிலைக்குள் விழுந்தடித்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சேரும்போது பூட்டு திறந்திருந்தது. கதவு திறக்கவில்லை. இத்தனை நாள் சாத்தினால் நிற்காத கதவு, அன்றைக்கு இரண்டு பெண்கள் தோளால் முட்டியும் அசையவில்லை. நிலை கோணி, மேல்சட்டம் இறங்கிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது. "எம்மா, தொட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டு. எம்மா, கதவத் தொறயேன்."

"பிள்ளைய எடுத்துட்டுக் கதவையும் சுவத்தையும் விட்டுத் தள்ளி நில்லு மக்களே!" என்று நான் கத்தினேன். வேலம்மா நகத்தால் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

பின்னால் காலடி கேட்டது. மாதவன் சார். தோளில் ஸ்டாண்ட். அவர் சுமை தூக்கி நான் பார்த்தது அன்றுதான். செருப்பில்லை, சட்டை முழுக்கச் சேறு. "மாறு" என்றார். இரும்பு முனையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சொருகி, உடம்பு முழுவதையும் கொடுத்து நெம்பினார். நானும் கூடப் பிடித்தேன். மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. பிளந்தது ஸ்டாண்டின் கால். ஒடிந்த காலை எறிந்துவிட்டு அடுத்த காலைச் சொருகினார். கதவு பெயர்ந்து உள்ளே சாய்ந்தது. செல்வி பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டு, தலையில் சுண்ணாம்புத் தூளோடு வெளியே வந்தாள்.

கொழுந்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். சார் பையிலிருந்து பித்தளைக் குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிட்டுக் காட்டினார். கயிறு நேராக நின்றது, சுவர் அதைவிட்டு எங்கோ போனது. இப்போதே எல்லாரும் ஃபேக்டரி ஷெட்டுக்குப் போக வேண்டும் என்றார். யாரும் நகரவில்லை. மானேஜர் வரட்டும், கங்காணி சொல்லட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இழுத்தார்கள்.

அப்போது வேலம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு கூச்சல் போட்டாள். "கதவைப் பிடிச்சுக்கிட்டாளே! என் கதவைப் பிடிச்சவ இன்னைக்கு ஒவ்வொரு கதவாப் பிடிக்கப் போறாளே! பிள்ளகுட்டி வச்சிருக்கவ எல்லாம் ஓடுங்கட்டி!"

அவ்வளவுதான். குடம், பாய், அடுப்பில் கிடந்த சோற்றுப்பானை, எல்லாம் கிளம்பிவிட்டன. லயம் கண்ணுக்கு முன்னால் காலியானது. நான் வேலம்மாவை முறைத்தேன்.

"நீயுந்தானே கண்ணாடியில பாத்தே? பேயில்லன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எக்கா," என்றாள், முடியை அள்ளி முடிந்துகொண்டே. "மலை நடக்குதுன்னா நாளைக்குப் போவோம்பாவ. பேயின்னா இப்பவே போவாவ."

மறுநாள் முற்பகலில் ஆபீசுக்குப் போன் வந்தது. சார் எடுத்தார். வைத்த பிறகும் கையைப் போனிலிருந்து எடுக்கவில்லை. "லயம் இல்லை," என்றார். "ஆளெல்லாம் ஷெட்டிலாயிருந்து." ஒரு ஆடுகூடச் சாகவில்லை. ஸ்டாண்டை ஏன் ஒடித்தீர்கள் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போகட்டும்.

அடுத்த வருஷமும் போனோம். புது ஸ்டாண்ட், பழைய கோடுகள். ஷெட்டுக்குப் பக்கத்தில் கட்டிய புது அறைகளின் வாசலில் செல்வியின் மகள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஏறினேன். மழைக்கு முந்திய தெளிந்த பகல். காற்றில்லை, பறவையில்லை, காலில் அட்டைகூட ஏறவில்லை. என்னமோ சரியில்லை என்று மனசு சொன்னது. நான் பாசியைத் தோண்டினேன்.

சார் துணிக்குள் போனார். "ஆ" வரவில்லை.

"லயம் இல்லாததால சார், கோடு சும்மா நிக்கும்," என்றேன்.

"லயத்தோட காரியமல்ல." குரல் அடியோடு தாழ்ந்திருந்தது. "நோக்கு."

நோக்கினேன். பென்சில் லயத்துக்குப் பின்னால் செம்மண் மட்டும். அது எதிர்பார்த்ததுதான். தூரத்து முகட்டுப் பள்ளம் கோட்டில் சரியாக இருந்தது. ஆனால் புகைக்கூண்டு கோட்டில் இல்லை. ஷெட் கோட்டில் இல்லை. சரிவில் நின்ற பலாமரமும் கோட்டில் இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக விலகி நின்றன, பக்கத்தில் இருப்பது அதிகமாக, தூரத்தில் இருப்பது குறைவாக.

"அய்யோ சார், அந்தப் பக்கம் முழுக்க நடந்திருக்கே!"

"தங்கம்மே," என்றார், என் காதருகே. "பஸ்ஸுல இருந்து நோக்கினா மரமெல்லாம் ஓடும். ஓடுறது மரமா?"

எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. பிறகு, மெதுவாக, என் கால்களைப் பார்த்தேன். மூன்று குழிகளிலும் ஸ்டாண்டின் மூன்று கால்கள், இம்மி பிசகாமல். அப்பால் பாறை. பாறைக்கு அப்பால் ஒன்றுமில்லை, காற்று. நடந்துகொண்டிருந்தது நாங்கள் நின்ற இடம்.

"பதுக்கே," என்றார் சார். மெதுவாக என்று அர்த்தம். "ஓடாதே. கேமராவ விடு. நீ எறங்கு."

இதைக் கேட்க எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று! கேமராவை விடு, நீ இறங்கு. முழங்காலில் ரத்தம் வழிய நின்றவளுக்கு அன்றைக்கு வரவேண்டிய வார்த்தை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இப்படிச் சொல்கிற மனுஷனின் கேமராவையா விட்டுவிட்டுப் போவேன்? அவர் வேண்டாம் என்று சைகை காட்டக் காட்ட நான் பெட்டியை மடக்கித் தலையில் ஏற்றினேன். பை ஒரு தோளில், ஸ்டாண்ட் ஒரு கையில். மற்றக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பாறையிலிருந்து மண்ணுக்குக் கால் மாறும்போது, பின்னால், கல்லுப்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பத் துடித்தது என் கழுத்து. தலையில் இருந்த சுமை திரும்பவிடவில்லை. உள்ளே ஏதோ ஒன்று 'டக்' என்றது. ஜீப் வரைக்கும் சாரின் மணிக்கட்டை நான் விடவில்லை. டாக்டர் கேட்ட நாள் அதுதான்.

பாறை நகர்கிறது என்று சார் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு எங்களை அங்கே அனுப்பவில்லை. அந்த வருஷமே அவர் ரிட்டயர் ஆனார், கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார். கேமரா ஸ்டோருக்குப் போனது. பாறை விழுந்தது என்றும் நான் கேள்விப்படவில்லை, நிற்கிறது என்றும் கேள்விப்படவில்லை. அதைப் பற்றி நினைக்காமல் இருக்கவே பழகிக்கொண்டேன்.

எக்ஸ்ரே பார்த்த அன்றைக்கு டாக்டர் என் கழுத்துக்குப் பட்டி மாட்டிவிட்டு, எனக்குக் கேமரா என்றால் பிரியம் என்று நினைத்தோ என்னமோ, போனைக் காட்டினார். போன மாசம் குடும்பத்தோடு பொன்முடிக்குப் போனாராம். ஒரு பாறைமேல் அவர், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவளின் செருப்புக்குப் பக்கத்தில் பாசி படிந்த ஒரு குழி.

படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பின்னால் பழைய புகைக்கூண்டு, அதற்குப் பின்னால் முகட்டுப் பள்ளம். புகைக்கூண்டு நேரில் எப்போதும் பள்ளத்துக்கு இடப்பக்கம்தான் நிற்கும். அத்தனை வருஷம் தலைகீழாகப் பார்த்துப் பார்த்துப் பதிந்த கண் எனக்கு, அது மறக்காது. படத்தில் புகைக்கூண்டு பள்ளத்தைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. அத்தனை தூரம் நடந்தது புகைக்கூண்டில்லை, அவர்கள் நின்ற பாறை.

"நல்ல வியூ அல்லே அம்மா? ஓணம் லீவுல மறுபடி போகணும்னு பிள்ளைங்க அடம்," என்றார் டாக்டர்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்த குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது, அவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.